'ஸார்' போட்டுப் பேசிய ராக் அண்ட் ரோல் பையன்

எல்விஸ் பிரெஸ்லி என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பளபளவென்று வாரிவிட்ட கிராப்பு, காதோரம் நீண்ட கிருதா, கையில் கிடார், நிற்க மாட்டாமல் ஆடும் கால்கள், கீழே கூட்டத்தில் மயங்கி விழும் பெண்கள்... அதெல்லாம் மேடை எல்விஸ். மேடையை விட்டு இறங்கிய எல்விஸ் எப்படி இருந்தான் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், ரொம்பச் சின்னதான ஒரு டெலிவிஷன் பேட்டியைப் பார்க்க வேண்டும். 1956-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி 11.30 மணிக்கு நியூயார்க் டி.வி.யில் வந்தது அது. அப்போது அவனுக்கு வயசு 21. ('அவர்' என்று எழுதலாம்தான். ஆனால் அந்தப் பேட்டியில் அந்த முகத்தைப் பார்த்தால் 'அவன்' என்றுதான் கைக்கு வருகிறது. என் வீட்டுப் பையனைச் சொல்வது மாதிரி எண்ணிக்கொள்ளுங்கள்.)

பேட்டி கண்டவர் ஹை கார்ட்னர். 'நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன்' பத்திரிகையில் பிரமுகர்களைப் பற்றிப் பத்தி எழுதுகிறவர். அவருடைய டி.வி. நிகழ்ச்சியின் விசேஷமே டெலிபோன்தான். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து போன் செய்வார். பேட்டி கொடுப்பவர் தன் இடத்திலிருந்தே போனில் பதில் சொல்வார். இரண்டு பக்கமும் காமிரா. திரையைப் பாதியாகப் பிரித்து இந்தப் பாதியில் அவர், அந்தப் பாதியில் இவர். இன்றைக்கு வெளிநாட்டிலிருக்கும் பேரனுடன் பாட்டிமார்கள் தினமும் பேசுகிற மாதிரிதான்! 1956-ல் அது பெரிய புதுமை.

எல்விஸ் அன்று நியூயார்க்கில் வார்விக் ஹோட்டல் அறையிலிருந்து பேசினான். காதில் டெலிபோன். இமைகள் பாதி மூடினாற்போல் இருக்கின்றன. பேசப் பேச நெற்றிப் பொட்டை விரலால் தொட்டுக்கொள்கிறான். மெல்லிய குரல், தென்பகுதிக்காரர்களின் இழுத்துப் பேசும் பேச்சு, பெரியவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் 'ஸார்' போட்டுப் பதில். இதைப் பார்த்துத்தான் ரசிகைகள் இன்னும் உருகுகிறார்கள். அந்தக் காலத்தில் டி.வி. திரைக்கு எதிரே சினிமா காமிராவை வைத்துப் படம் பிடித்து வைப்பது வழக்கம். அப்படி மிஞ்சியதால்தான் நமக்குக் கிடைத்தது. அன்று ராத்திரி பார்த்தவர்கள் நியூயார்க் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் மட்டுமே.

அன்று பகலும் மாலையும் அந்தப் பையன் என்ன பாடுபட்டான் என்று தெரிந்துகொண்டால் பேட்டி வேறு மாதிரித் தெரியும்.

அதற்கு நான்கு வாரம் முன்பு, ஜூன் 5-ந் தேதி, மில்டன் பெர்ல் என்ற பிரபல சிரிப்பு நடிகரின் டி.வி. நிகழ்ச்சியில் அவன் 'ஹவுண்ட் டாக்' பாடினான். அந்தப் பாட்டை முதலில் பாடிப் புகழ்பெற்றவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண்மணி. பாட்டின் கடைசியில் எல்விஸ் வேகத்தைக் குறைத்து, மைக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டியதில் ஊரே கொந்தளித்துவிட்டது. நியூயார்க் டைம்ஸ் விமரிசகர், பையனுக்குப் பாடும் திறமையே கண்ணுக்குத் தெரியவில்லை என்கிற மாதிரி எழுதினார். பாதிரிமார்கள், பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர்கள், எல்லோரும் கண்டனம். கோபத்துக்கு உள்ளே இன்னொரு விஷயமும் இருந்தது. கறுப்பர்களும் வெள்ளையரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கலாமா என்று தென்மாநிலங்களில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கறுப்பர்களின் பாட்டைப் பாடி, வெள்ளைக்காரப் பெண் குழந்தைகள் அதைக் கேட்டு ஆடுவது பலருக்குப் பொறுக்கவில்லை.

இந்த அமளிக்குப் பிறகு ஜூலை 1-ந் தேதி ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சி. ஆலன் என்ன செய்தார் தெரியுமா? பையனை 'அடக்கி' வைப்பதற்காக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வால் வைத்த கோட்டும் வெள்ளை டையும் மாட்டிவிட்டார். ஒரு மேடைமேல் தொங்கு காது நாய் ஒன்றை உட்கார வைத்து, அதன் தலையில் குட்டித் தொப்பி வேறு வைத்து, அந்த நாயைப் பார்த்து 'ஹவுண்ட் டாக்' பாடச் சொன்னார். ஜனங்கள் சிரித்தார்கள். எல்விஸ் முகம் கோணவில்லை. நாயைத் தடவிக் கொடுத்து, பாட்டை முடித்தான். இந்த அவமானத்தை முடித்துவிட்டு ஹோட்டலுக்கு வந்த பிறகுதான், ராத்திரி 11.30-க்கு, கார்ட்னரின் டெலிபோன்.

கார்ட்னர் குத்தலாகக் கேட்கவில்லை. ஆனால் ஊரில் உலவிய வம்புகளையெல்லாம் கேட்டுவிட்டார். இத்தனை பேர் திட்டினார்களே, அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொண்டாயா என்று ஒரு கேள்வி. இல்லை ஸார், என்றான். நான் தப்பு செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லையே என்றான். வெறும் பாட்டுத்தானே, இது எப்படி மனுஷர்களைக் கெடுக்கும்? ராக் அண்ட் ரோலைக் கேட்டு ஒரு பிள்ளை எப்படித் தன் அப்பா அம்மாவை எதிர்க்கும், எனக்குப் புரியவில்லை என்கிற மாதிரிச் சொன்னான். சண்டை போடும் குரலில் இல்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தும் விடை கிடைக்காத குரலில்!

'வெறும் பாட்டுத்தானே' என்பதை நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டுக்குச் சக்தி இல்லையென்றால் நாம் ஏன் தாலாட்டுப் பாடுகிறோம்? கூட்டத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீடு திரும்பிய பெண்ணைப் பார்த்து அமெரிக்கத் தாய்மார்கள் கவலைப்பட்டது இயற்கை. ஆனால் அந்தக் கவலையை ஒரு 21 வயசுப் பையனின் தலையில் கட்டியது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவனுடைய வீட்டில் அப்பா அம்மாவுக்கு அவன் நடந்துகொண்ட விதத்தை விசாரித்திருந்தால் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது கஞ்சா. மேடையில் அப்படி வெறி வருவதற்காகக் கஞ்சா பிடிக்கிறாயாமே என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே? பையன் சிரித்துவிட்டான். சென்ற வருஷம், 1955 செப்டம்பரில், கார் விபத்தில் செத்துப்போன நடிகர் ஜேம்ஸ் டீனோடு உன்னை ஒப்பிடுகிறார்களே என்றதற்கு, அவர் நடிப்பில் மேதை, அவரோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளவே மாட்டேன் என்றான்.

எல்லாவற்றிலும் என் மனசைத் தைத்தது இன்னொரு கேள்வி. நீ ஒரு தடவை உன் அம்மாவைத் துப்பாக்கியால் சுட்டாயாமே, அந்த வதந்தி பற்றி என்ன சொல்கிறாய்?

கேட்டீர்களா சகோதரிகளே! பெற்ற தாயைச் சுட்டானாம்! கேள்விப்பட்டதிலேயே வேடிக்கையான வதந்தி இதுதான் என்று அவன் சொல்லிவிட்டான். ஆனால் மெம்பிஸ் நகரத்தில் அதே மாதிரி வதந்திகளைப் படித்துக்கொண்டு ஒரு தாய் வீட்டில் உட்கார்ந்திருந்தாள், இல்லையா?

அந்தத் தாயின் பெயர் கிளாடிஸ். மிசிசிப்பி மாநிலத்தில் டூப்பலோ என்கிற சின்ன ஊர். புருஷன் வெர்னன் தன் கையாலேயே கட்டிய இரண்டே அறை வீடு. அங்கேதான் 1935 ஜனவரி 8-ந் தேதி இரட்டைப் பிள்ளை பிறந்தது. முதல் குழந்தை ஜெஸ்ஸி உயிரில்லாமல் பிறந்தது, அடுத்தது எல்விஸ். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை இல்லை. பிள்ளைக்கு மூன்று வயசில், செக் ஒன்றைத் திருத்திய குற்றத்துக்காக வெர்னன் சிறைக்குப் போனார். வீடும் போயிற்று. கிளாடிஸ் தையல் பாக்டரியில் வேலை பார்த்தாள். பிற்பாடு ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு உதவியாளாக இருந்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தானே நடத்திக் கூட்டிக்கொண்டு போவாளாம்.

1946-ல் பிள்ளைக்குப் பிறந்த நாள் பரிசு வாங்க இருவரும் டூப்பலோவில் இரும்புச் சாமான் கடைக்குப் போனார்கள். பிள்ளை கேட்டது துப்பாக்கி! அம்மா அதெல்லாம் வேண்டாமென்று சொல்லி, பேசிச் சமாதானம் செய்து, கிடார் வாங்கிக் கொடுத்தாள். பத்தே வருஷம் கழித்து, அதே பிள்ளை அம்மாவைச் சுட்டதாக ஊர் பேசுகிறது. துப்பாக்கிக்குப் பதில் கிடார் கொடுத்த தாய் அவள் என்பது அந்த வம்புக்காரர்களுக்கு எங்கே தெரியப் போகிறது!

கையில் பணம் வந்ததும் எல்விஸ் செய்த காரியங்களையும் பாருங்கள். 1956 மார்ச்சில் மெம்பிஸில் நாற்பதாயிரம் டாலருக்கு வீடு வாங்கி அப்பா அம்மாவைக் குடிவைத்தான். அம்மாவுக்கென்று ரோஜா நிறத்தில் காடிலாக் கார். அந்த அம்மாளுக்குக் காரோட்டத் தெரியாது! அதனாலென்ன, கார் அவளுடையது. கச்சேரிக்காக ஊர் ஊராகப் போனாலும் வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசாமல் இருக்க மாட்டான். அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் புரிகிற செல்லப் பேச்சு வேறு உண்டு.

இந்தப் பேட்டியை எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோருமாகப் பார்த்தோம். என் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளும் அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேரும் போனில் பார்த்து, "ஐயோ, எவ்வளவு அழகு!", "சிரிப்பைப் பாரேன்!", "எவ்வளவு மரியாதையாப் பேசறான்!" என்று ஒரே ஆரவாரம். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தேன். எண்பது வயசு என் மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"யாரு பெத்த புள்ளையோ, கண்ணு சொருகுது பாரு. போனை வெச்சுட்டுத் தூங்க விடச் சொல்லும்மா அந்த ஆளை" என்றார்.

பெண்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாட்டி, அதுதான் ஸ்டைல்!" என்றாள் என் பெண். ஆனால் பாருங்கள், அத்தை சொன்னதுதான் அந்தப் பேட்டியிலேயே இருக்கிறது! போதுமான தூக்கம் இருக்கிறதா என்று கார்ட்னர் கேட்கிறார். அவ்வளவாக இல்லை, பழகிப்போய்விட்டது, அதற்கு மேல் தூங்க முடியவில்லை என்கிறான். என்ன நினைப்பு உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது, பாட்டா, வேறு யோசனையா என்று கேட்கிறார். இந்த ஒன்றரை வருஷத்தில் எல்லாமே ரொம்ப வேகமாக நடந்துவிட்டது, எல்லாம் குழம்பிப் போயிருக்கிறது, நடப்பதோடு என்னால் ஈடு கொடுத்து ஓட முடியவில்லை என்கிற அர்த்தத்தில் பதில் சொல்கிறான். சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த ஒன்றரை வருஷத்துக்குச் சற்று முன்னால்வரை அவன் யார்? 1953-ல் பள்ளிப் படிப்பை முடித்தவன். மின்சார வேலைக் கம்பெனி ஒன்றில் லாரி ஓட்டியவன். அந்த வருஷம் மெம்பிஸில் சாம் பிலிப்ஸ் என்பவருடைய சின்ன ஸ்டூடியோவில் சுமார் நாலு டாலர் கொடுத்துத் தன் குரலைத் தட்டில் பதிந்துகொண்டான். 1954 ஜூலையில் முதல் ரெக்கார்டு. அந்தப் பாட்டை உள்ளூர் ரேடியோவில் டூயி பிலிப்ஸ் என்ற அறிவிப்பாளர் போட்ட ராத்திரி, வெட்கமும் பயமுமாக இவன் சினிமாக் கொட்டகையில் போய் ஒளிந்துகொண்டான்! ரேடியோக்காரர்கள் வீட்டுக்குப் போன் செய்ய, அம்மாவும் அப்பாவும் கொட்டகைக்குள் இருட்டில் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். நடுங்கிக்கொண்டு உட்கார்ந்த பையனிடம் அறிவிப்பாளர் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். வெள்ளையர் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும்தான், பாடியது கறுப்பர் இல்லை என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது. பேச்சு முடிந்த பிறகுதான் பையனுக்குத் தெரிந்தது, மைக் அத்தனை நேரமும் திறந்திருந்தது என்று! அதுதான் அவனுடைய முதல் பேட்டி.

இரண்டே வருஷம். கொட்டகை இருட்டில் ஒளிந்த பையன், நியூயார்க் ஹோட்டலில் காமிரா வெளிச்சத்தில் உட்கார்ந்து, அம்மாவைச் சுட்டாயா என்ற கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறான். தூக்கம் எப்படி வரும்?

13-லிருந்து 18 வயசுப் பிள்ளைகளுக்கு ராத்திரி எட்டிலிருந்து பத்து மணி நேரமும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஏழு மணி நேரமாவதும் தூக்கம் வேண்டுமென்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சிநேகிதிகள் போன பிறகு, "பாட்டி சொன்னது உனக்குந்தான், ராத்திரி போன் கூடத்திலேயே இருக்கட்டும்" என்று என் பெண்ணிடம் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். போன் கூடத்தில்தான் இருக்கிறது.

பேட்டிக்கு மறுநாள் ஜூலை 2. ரெக்கார்டு ஸ்டூடியோவுக்கு எல்விஸ் வந்தபோது வாசலில் ரசிகர்கள் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோட்டுப் போட்ட எல்விஸ் வேண்டாம், எங்களுக்கு நிஜ எல்விஸ்தான் வேண்டும் என்று! முந்தின நாள் நாய்க் கூத்தைப் பார்த்து அவர்களுக்கு அத்தனை கோபம். உள்ளே போனவன் அதே 'ஹவுண்ட் டாக்'கை முப்பது தடவைக்கு மேல் பாடிப் பதிவு செய்தான். மற்றவர்கள் போதும் என்றாலும் இவன், இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றானாம். 'டோன்ட் பி குரூயல்' பாட்டும் அன்றைக்குத்தான் பதிவானது. கூடவே சென்ற ஆல்பிரட் வெர்தைமர் என்ற இளைஞர் எடுத்த போட்டோக்கள் இன்றும் பிரசித்தம். பிறகு ரயிலேறி மெம்பிஸ் வந்து, ஜூலை 4-ந் தேதி ராத்திரி சொந்த ஊர் ஜனங்களுக்கு முன்னால், நியூயார்க்காரர்கள் என்னை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் பாடினான்.

இவனை என் நிகழ்ச்சியில் சேர்க்க மாட்டேன் என்று சொன்ன எட் ஸல்லிவனே, மூன்று தடவை வருவதற்கு ஐம்பதாயிரம் டாலர் கொடுத்துக் கூப்பிட்டார். 1956 செப்டம்பர் 9-ந் தேதி சுமார் ஆறு கோடிப் பேர் பார்த்தார்கள். 1957 ஜனவரியில் மூன்றாம் முறை வந்தபோது இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள். கடைசியில் ஸல்லிவன் எல்லோர் முன்னாலும், இவன் கண்ணியமான நல்ல பையன் என்று சர்டிபிகேட் கொடுத்தார். டெலிபோன் பேட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த சர்டிபிகேட் தேவைப்பட்டிருக்காது.

அம்மாவுக்கு இந்தப் பேரும் புகழும் சந்தோஷமா? பெருமை இருந்தது; பயமும் இருந்தது. 1955-ல் பார்க்கர் என்ற மானேஜர் ஒப்பந்தம் கொண்டுவந்தபோது பிள்ளைக்கு 21 ஆகாததால் பெற்றோர் சம்மதம் வேண்டியிருந்தது. கிளாடிஸுக்கு அந்த மனுஷரைப் பிடிக்கவில்லை, ரொம்பத் தயங்கினாள். 1957-ல் கிரேஸ்லாண்ட் என்ற பெரிய பங்களா வாங்கியபோது அவள் அங்கேயும் கோழி வளர்த்தாள். 1958 மார்ச்சில் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். அந்த ஆகஸ்டில் ஈரல் கோளாறில் படுத்தவள், 14-ந் தேதி மாரடைப்பில் போய்விட்டாள். வயசு 46. லீவில் ஓடிவந்த பிள்ளை அன்று அழுத அழுகையைப் பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள்.

தூக்கமின்மை அவனை விடவில்லை. வயசு ஏற ஏற, தூங்க மாத்திரை, விழிக்க மாத்திரை என்று டாக்டர் சீட்டு மருந்துகள் பெருகின. 1977 ஆகஸ்ட் 16-ந் தேதி கிரேஸ்லாண்டில் இறந்தபோது வயசு 42 தான். கஞ்சா பிடிக்கிறாயா என்று பேட்டியில் கேட்டார்கள்; தூங்கவில்லை என்று அவனே சொன்னதை அப்போது ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இண்டர்நெட்டில் இந்தப் பேட்டி கிடைக்கிறது. கறுப்பு வெள்ளை, சில நிமிஷங்கள்தான், பேச்சு கொஞ்சம் கரகரவென்று இருக்கும். வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சியில் நாய்க்குப் பாடும் பாட்டைப் போடச் சொல்லுங்கள். அது முடிந்த கையோடு பேட்டியைப் போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே ராத்திரி, நடுவில் மூன்று மணி நேரந்தான் இடைவெளி.